வேலிக்கு அந்தப் பக்கம்

பாகூர் ஏரிக்குக் கீழே ஓர் ஊர். நெல்லும் கரும்பும் விளையும் ஊர். அங்கே ஒரு கொத்தனார். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக ஊராருக்கு வீடு கட்டினார். தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் திண்ணை, பின்னால் கொஞ்சம் தோட்டம். பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது.

போன வருஷம் மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பினார். ஆனால் இனிமேல் சாரம் ஏற முடியாது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாதி அடையாமல் இருந்தது. வேலை இல்லாத மாதங்களில் அது வளர்ந்தது. இப்போது மொத்தம் ஆறு லட்சம். நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் பிறந்தால் 18,000 ரூபாய் வட்டிக்கே போக வேண்டும்.

கணவனும் மனைவியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டை விற்பது. கடனை அடைப்பது. மீதியை வங்கியில் போடுவது. வில்லியனூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போய்விடுவது. 18 லட்சம் கேட்கலாம் என்று தரகர் சொன்னார்.

ஐப்பசி மாதம். முதல் மழை பெய்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒழுகல் இல்லை. குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் நன்றாக வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் பின்கதவைத் திறந்தார்.

"அய்யோ, இன்னாங்க இது?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேல முள். நடுவில் துருப்பிடித்த தகரங்கள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், பழைய டயர்கள், சாக்குச் சாக்காகப் பாட்டில்கள். ஒரு மூன்று சக்கர வண்டி, சக்கரம் மண்ணில் புதைந்து நின்றது. வேலி ஓரமாகக் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு பூவரச மரத்தின் கிளை மேஸ்திரி வீட்டுத் தளத்தின் மேல் சாய்ந்திருந்தது.

அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டார். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். "பதினஞ்சரைன்னா முடிச்சுக்கிறாங்களாம். கொசு இருக்குது, பாம்பு இருக்கும், கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னு கேக்கறாங்க" என்றார்.

ஒரே பார்வையில் இரண்டரை லட்சம் குறைந்துவிட்டது.

விலை ஏன் குறைகிறது?

வீடு வாங்குபவர் சுவரையும் தளத்தையும் மட்டும் வாங்குவதில்லை. காற்றை வாங்குகிறார். பக்கத்து வீட்டாரையும் சேர்த்து வாங்குகிறார். சுவரில் விரிசல் இருந்தால் பூசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவார். பக்கத்துத் தோட்டத்துக் குப்பையை அவர் தொட முடியாது. அது அடுத்தவர் இடம். தன் கையில் இல்லாத குறைக்கு யாரும் அதிகமாகவே விலை குறைப்பார்கள். இன்னொரு பயமும் உண்டு. "இவ்வளவு குப்பை போட்டு வைத்திருப்பவர் எப்படிப்பட்ட ஆளோ, தினமும் சண்டை வருமோ" என்ற பயம். சொல்லப்போனால் குப்பையைவிட இந்தப் பயத்துக்குத்தான் விலை அதிகமாகக் குறைகிறது.

பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. டயர், கொட்டாங்கச்சி, உடைந்த வாளி, இவற்றில் தேங்கும் தெளிந்த மழைத் தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் டயரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, அப்புறப்படுத்த வேண்டும்.

தரகர் மூன்று யோசனை சொன்னார். ஒன்று, இனிமேல் வருபவர்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகு வீட்டைக் காட்டுவது. இரண்டு, வேலியில் உயரமாகத் தகரம் அடித்து மறைப்பது. மூன்று, "அது புறம்போக்கு, சீக்கிரம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிடுவது.

மூன்றும் உதவாது. லட்சக்கணக்கில் பணம் போடுபவர் பகலில் ஒரு முறையாவது வந்து பார்ப்பார். தகரம் கண்ணைத்தான் மறைக்கும், கொசுவை மறைக்காது. மூன்றாவது பச்சைப் பொய். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ ஒரு பெரிய குறை இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் அவருக்குத் தெரிய வராது. அப்படிப்பட்ட குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் குப்பை எல்லார் கண்ணுக்கும் தெரிவது. ஆனால் எல்லைத் தகராறு, நிலுவையில் உள்ள வழக்கு போன்றவை கண்ணுக்குத் தெரியாதவை. மறைத்து விற்றால் பின்னால் நீதிமன்றத்துக்கு அலைய நேரும். தரகர் தரகை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கோபத்தில் எழுதிய மனு

அன்று இரவு மேஸ்திரிக்குத் தூக்கம் வரவில்லை. "அந்தம்மா மேல எழுதிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

அவர் மனைவி எழுதத் தெரிந்தவர். 1990இல் அறிவொளி இயக்கம் புதுச்சேரியில் வீதி வீதியாக வகுப்பு நடத்தியபோது எழுத்துக் கற்றவர். அன்றிலிருந்து வீட்டுக் கணக்கு, ரேஷன் கார்டு மனு, மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் அவர்தான். ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். எழுதினார்:

"ஐயா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் குப்பைகளைக் குவித்து வைத்துள்ளார். அதில் பாம்பும் கொசுவும் உள்ளன. நாற்றம் அடிக்கும் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. அந்தக் கழிவுநீர்"

அங்கே பேனா நின்றுவிட்டது. அந்தக் கழிவுநீர் யாருடையது?

எட்டு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி புதிதாகக் குளியலறை கட்டினார். தண்ணீர் போகப் பின்சுவரில் ஒரு குழாய் வைத்தார். குழாயின் வாய் வேலியைப் பார்த்து இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். தண்ணீர் அங்கேதான் போயிற்று. அந்த அம்மா வந்து கேட்டார். "தெருவுக்குக் கால்வாய் வரட்டும், மாத்திடறேன்" என்றார் மேஸ்திரி. கால்வாய் வரவில்லை. குழாயும் மாறவில்லை. ஒருநாள் வார்த்தை தடித்தது. அன்றோடு பேச்சு நின்றது. தினமும் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் அந்த மூலைப் பக்கம் அந்த அம்மாவால் கால் வைக்க முடியவில்லை. கால் படாத இடத்தில் முள் வளர்ந்தது.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்று மேஸ்திரி கேட்டார்.

"தண்ணி நம்மளுதுங்க" என்றார் மனைவி. தாளை மடித்து வைத்துவிட்டார்.

அந்த மனுவை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்பது நல்லது. அனுப்ப வேண்டிய நேரமும் சிலருக்கு வரும்.

குப்பையால் நோய் பரவும் நிலை இருந்தால் கிராமத்தில் கொம்யூன் பஞ்சாயத்துக்கும், நகரத்தில் நகராட்சிக்கும் எழுதலாம். அவர்கள் வந்து பார்த்து, இடத்தின் சொந்தக்காரருக்கு அறிவிப்புக் கொடுப்பார்கள். ஊருக்கே தொல்லையாக இருந்தால் நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு உள்ளது. சாய்ந்து விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவும் இதே பிரிவில் உத்தரவிடலாம். இந்தப் பழைய 133ஆம் பிரிவை வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகர மக்கள் தங்கள் தெருச் சாக்கடைக்காக மனுப் போட்டார்கள். நகராட்சி அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. "பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையைத் தட்டிக் கழிக்க முடியாது" என்று 1980இல் தீர்ப்பு வந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

இவ்வளவும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் நாள் ஆகும். மேஸ்திரிக்கு ஒவ்வொரு மாதமும் 18,000 ரூபாய். அது மட்டும் இல்லை. வீடு வாங்க வருபவர் "பக்கத்து வீட்டோட ஏதாவது தகராறு இருக்குதா?" என்று கேட்பார். மனுப் போட்டவர் "இல்லை" என்று சொல்ல முடியாது. குப்பையைக் காட்டிக் குறைத்த விலையைத் தகராறைக் காட்டி இன்னும் குறைப்பார். விற்கப் போகிறவருக்கு மனு கடைசி வழியாக இருப்பதே லாபம். பேசிப் பார்த்தும் கேட்காதவர், குடித்துவிட்டு அடிக்க வருபவர், ஊரிலேயே இல்லாத சொந்தக்காரர் என்றால் வேறு விஷயம். அங்கே எழுத்துதான் பேச வேண்டும்.

எட்டு வருஷம் கழித்து

மறுநாள் காலையில் மேஸ்திரியின் மனைவி பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அக்கா!"

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"யாரு?"

"நான்தான்க்கா. பக்கத்து வீடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

அந்த அம்மாவுக்கு எழுபது வயது. தனியாக இருக்கிறார். ஒரே மகன். மூன்று சக்கர வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு, பாட்டில் வாங்கி விற்றவன். 2021இல் கொரோனா இரண்டாவது அலையில் இறந்துவிட்டான். அன்றைக்கு எந்த வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை. போக முடியாத காலம் அது. பிறகாவது போயிருக்கலாம். போகவில்லை.

மேஸ்திரியின் மனைவி குப்பையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "எங்க குழாய்த் தண்ணிதான்க்கா உங்க தோட்டத்துல நிக்குது. தப்பு எங்களுது. அத மாத்தப் போறோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வீட்ட விக்கிறீங்களாமே?"

"ஆமாக்கா. கடன் கழுத்த நெரிக்குது. வந்தவங்க உங்க தோட்டத்தப் பாத்துட்டு ரெண்டரை லட்சம் கொறைக்கிறாங்க. மறைச்சுப் பேச எனக்குத் தெரியல."

"அதெல்லாம் எம் புள்ள சேத்து வச்சது" என்றார் அந்த அம்மா. "போன தை மாசம் ஒருத்தன் வந்தான். எல்லாத்துக்கும் சேத்து ஆயிரத்து ஐந்நூறு தரேன்னான். வண்டியையும் சேத்துக் கேட்டான். தொடப்பத்த எடுத்துட்டேன்."

இப்போது விஷயம் தெரிந்தது. அது அந்த அம்மாவின் கண்ணுக்குக் குப்பை இல்லை. மகன் விட்டுப் போன முதல். அடிமாட்டு விலைக்குக் கேட்டதால் யாரையும் கிட்டே விடவில்லை. முள்ளை வெட்ட உடம்பில் தெம்பும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டு வருஷம் பார்த்தும் இது தெரியவில்லை.

"வண்டி இருக்கட்டும்க்கா. அது உங்களுது. மத்தத எடை போட்டு, நியாயமா வெல வச்சு வித்துக் குடுக்கறோம். உங்க கண்ணு முன்னாலயே" என்றார் மேஸ்திரியின் மனைவி.

அந்த அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "மொதல்ல தண்ணிய நிறுத்துங்க, பாக்கலாம்" என்றார். நியாயமான பேச்சுதான்.

உறிஞ்சு குழி

மேஸ்திரியால் குனிய முடியாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொல்ல முடியும். தங்கை மகனைக் கூப்பிட்டார். தன் தோட்டத்திலேயே ஒரு குழி வெட்டச் சொன்னார். மூன்றேகால் அடி நீளம், அதே அகலம், அதே ஆழம். கிணற்றிலிருந்தும் கைப்பம்பிலிருந்தும் தள்ளி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் இடம் பார்த்தார். அடியில் பெரிய செங்கல் துண்டுகள், நடுவில் அதைவிடச் சிறியவை, மேலே ஜல்லி. குழாய் வந்து விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை. பானைக்குள் தேங்காய் நார். சோப்பு நுரை, முடி, அழுக்கு எல்லாம் நாரில் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் குழிக்குள் இறங்கி மண்ணில் உறிஞ்சும். மேலே சாக்கு விரித்து மண் மூடினார்கள். நாரை அடிக்கடி மாற்ற வேண்டும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்குத்தான் இந்தக் குழி. கக்கூஸ் தண்ணீரை இதில் விடக் கூடாது.

செலவு 2,500 ரூபாய். ஒரே நாள் வேலை. எட்டு வருஷம் ஆகாத வேலை!

நான்காம் நாள் வேலி ஓரம் காய்ந்தது. ஐந்தாம் நாள் அந்த அம்மாவே வேலிக்கு அருகில் வந்தார். "இரும்புக்காரன எப்ப வரச் சொல்ற?" என்றார்.

குவியலைக் கலைப்பது எப்படி?

கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பழைய குவியலில் கையை விடுவது ஆபத்து. செங்கல், தகரம், மட்டை இவற்றின் அடியில்தான் கட்டுவிரியன் பகலில் ஒளிந்திருக்கும். அதனால் வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்தார்கள். காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தகரத்தையும் முதலில் நீளக் கம்பால் தட்டி, கம்பாலேயே புரட்டினார்கள். ஒரு சாரைப் பாம்பு ஓடியது. அதை விட்டுவிட்டார்கள். அது எலி தின்னும் பாம்பு, விஷம் இல்லை.

ஒருவேளை கடித்துவிட்டால்? கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறியக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கை கால் அசையாமல் படுக்க வைத்து, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். மந்திரிக்கப் போகும் நேரத்தில் உயிர் போய்விடும்.

"எல்லாத்தையும் கொளுத்திட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார் கூலிக்கு வந்தவர்களில் ஒருவர். மேஸ்திரி வேண்டாம் என்றார். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் புகை விஷம். குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது விதிகளுக்கும் எதிரானது. தவிர, பாதிக் காசு புகையாகப் போய்விடும்.

இரும்புக்காரர் தராசோடு வந்தார். மேஸ்திரியின் மனைவி ஒரு காரியம் செய்தார். கடையில் ஐந்து ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்து, திறக்காமல் தராசில் வைத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாட்டிலின் எடை கொஞ்சம் கூடும். ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். தராசு நாலரை காட்டியது. இரும்புக்காரர் சிரித்துக்கொண்டே தராசைச் சரிசெய்தார். மறுபடியும் வைத்தபோது சரியாகக் காட்டியது. நாலரை என்று காட்டும் தராசில் 240 கிலோ இரும்பு 216 கிலோவாக ஆகியிருக்கும்.

எடை போட்டதை மேஸ்திரியின் மனைவி நோட்டில் எழுதினார்:

இரும்பு, தகரம் 240 கிலோ, கிலோ 28 ரூபாய், 6,720 ரூபாய்.
பிளாஸ்டிக் 60 கிலோ, கிலோ 12 ரூபாய், 720 ரூபாய்.
பாட்டில்கள் 300 ரூபாய்.
பழைய பேட்டரி இரண்டு 1,100 ரூபாய்.
மொத்தம் 8,840 ரூபாய்.

அந்த அம்மா பணத்தை இரண்டு முறை எண்ணினார். "ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னானே படுபாவி" என்றார்.

பூவரசங்கிளையை வெட்டுவது பற்றியும் பேசினார்கள். நம் எல்லைக்குள் நீண்டு தொல்லை தரும் கிளையை எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் பொதுவாகச் சட்டம் பார்க்கிறது. இருந்தாலும் சொல்லாமல் வெட்டினால் அதுவே அடுத்த சண்டை. மரம் அந்த அம்மாவுடையது, விறகும் அவருடையது. அவர் சம்மதித்தார். விறகைத் தன் பக்கமே அடுக்கச் சொன்னார். முள்ளைக் கரிமூட்டம் போடுபவர் ஒருவர் வேரோடு வெட்டி எடுத்துப் போனார். அதற்குக் கூலி கொடுக்கவில்லை, விலையும் வாங்கவில்லை.

இரண்டாவது மனு

விலை போகாத சாமான் மீதி இருந்தது. மட்கிய சாக்கு, உடைந்த கண்ணாடி, டயர். அதை அள்ள வண்டி வேண்டும். மேஸ்திரியின் மனைவி மறுபடியும் தாளும் பேனாவும் எடுத்தார். இந்த முறை எழுதியது இது:

அனுப்புநர்: கீழே கையெழுத்திட்டுள்ள இருவர், வடக்குத் தெரு.
பெறுநர்: ஆணையர் அவர்கள், கொம்யூன் பஞ்சாயத்து.
பொருள்: குப்பை அகற்ற வண்டி கேட்டல்.

ஐயா, வணக்கம். எங்கள் இருவர் தோட்டங்களையும் சுத்தம் செய்துள்ளோம். விற்க முடியாத கழிவுகள் ஒரு டிராக்டர் அளவுக்குத் தெரு ஓரமாகச் சேர்த்து வைத்துள்ளோம். இதில் 14 பழைய டயர்கள் உள்ளன. டயர்களில் கூத்தாடிப் புழுக்கள் இருந்தன. தண்ணீரைக் கொட்டிவிட்டோம். மழைக்காலம் என்பதால் மீண்டும் தண்ணீர் தேங்கும் முன் வண்டி அனுப்பி அகற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். தெருவில் கொசு மருந்து அடிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
1.
2.

முதல் மனுவில் "அவர்" என்று இருந்தது. இதில் "நாங்கள்" என்று இருந்தது. குப்பை எவ்வளவு, எங்கே இருக்கிறது, என்ன வேண்டும் என்று தெளிவாக இருந்தது. இப்படி எழுதினால் அலுவலகத்தில் படிப்பவருக்கும் வேலை சுலபம்.

"நீங்களும் கையெழுத்துப் போடணும்க்கா" என்று தாளை நீட்டினார்.

"எனக்கு எங்க ஞாபகம் இருக்குது?" என்றார் அந்த அம்மா. அவரும் 1990இல் அதே வகுப்பில் இருந்தவர்தான். இருவரும் ஒரே அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தவர்கள். பிறகு அவர் எழுத்தைத் தொடவில்லை. பேனாவை வாங்கி, வெகுநேரம் எடுத்துக்கொண்டு, பெயரை எழுதினார். ஒரு புள்ளி விட்டுப் போயிற்று. "புள்ளி வைக்கல" என்று அவரே சொல்லி, வைத்தார்.

மனுவுக்கு இரண்டு நகல் எடுத்தார்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தார்கள். இன்னொன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டார்கள். எந்த மனுவாக இருந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு வாரம் வண்டி வரவில்லை. முத்திரை போட்ட நகலோடு மறுபடியும் போனார்கள். மூன்றாம் நாள் டிராக்டர் வந்தது.

மீண்டும் வந்தார்கள்

கார்த்திகை மாதம் அதே குடும்பம் மறுபடியும் வந்தது. மேஸ்திரிதான் தரகரிடம் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். பகல் பதினோரு மணிக்கு வரச் சொன்னார். இந்த முறை பின்கதவு முன்பே திறந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் மண் தெரிந்தது. ஓரத்தில் விறகு அடுக்கு. நடுவில் கழுவித் துடைத்த மூன்று சக்கர வண்டி மட்டும் நின்றது.

மேஸ்திரி மறைக்காமல் சொன்னார். "குளியல் தண்ணி முன்ன அந்தப் பக்கம் போயிட்டிருந்தது. அதுல சண்டை இருந்தது. இப்ப உறிஞ்சு குழி போட்டிருக்கேன். நார மாத்தணும். பூவரச எல காத்தடிச்சா தளத்துல விழும், தூம்ப அடைக்கும், பெருக்கிடணும்." பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். எல்லையை அளந்து பார்க்க வேண்டும் என்றால் சர்வேயரைக் கூப்பிடலாம் என்றும் சொன்னார்.

அந்தப் பெண் குழந்தையோடு வேலி அருகில் போனார். பக்கத்து வீட்டு அம்மா விறகு ஒடித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எப்படிம்மா? நல்ல மனுஷங்களா?"

"எட்டு வருஷம் பேசல" என்றார் அந்த அம்மா. "இப்பப் பேசறோம். வீடு நல்ல வீடு. கட்டும்போது நான் பாத்திருக்கேன். கம்பியில கஞ்சத்தனம் பண்ணல."

பேரம் நடந்தது. அவர்கள் 17 என்றார்கள். மேஸ்திரி 18 என்றார். கடைசியில் 17,25,000 ரூபாய்க்கு முடிந்தது. முதலில் கேட்டதைவிட 75,000 குறைவு. ஐப்பசியில் சொன்னதைவிட 1,75,000 அதிகம். குழிக்கு 2,500, இரண்டு ஆள் இரண்டு நாள் கூலி 3,600, ஆக 6,100 ரூபாய் செலவு. இடையில் ஒரு மாத வட்டி 18,000 போயிற்று. அதையும் மேஸ்திரியின் மனைவி நோட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தார். 1,50,900 ரூபாய் நின்றது.

தரகர் ஒப்பந்தத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லை, விலை, முன்பணம், பத்திரம் பதியும் தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். உறிஞ்சு குழி விவரம் அதில் இல்லை. அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்த பிறகு கையெழுத்துப் போட்டார்.